கோழியைக் கொல்வது குளிர் அன்று

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும், மத்தூர் வட்டாரத்துச் சங்கங்களுக்கு நாம் ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம் தவறாமல் கேட்கும் செய்தி ஒன்று உண்டு. கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முடித்து, காரியதரிசி தருவிக்கும் தேநீரைப் பருகிக்கொண்டிருக்கையில், திண்ணையில் அமர்ந்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லுவார்: "இந்தப் பனிக்குக் கோழி தாங்கலீங்க ஐயா. பத்து இருந்துச்சு, ஒண்ணுகூட மிஞ்சலை." அருகில் இருப்போரும் தத்தம் வீட்டில் மடிந்தவற்றின் எண்ணிக்கையைச் சொல்லித் தலையசைப்பர். பிறகு பேச்சு பருத்தி நூலின் விலைக்கோ மாங்காய் விலைக்கோ சென்றுவிடும். பத்துக் கோழிகள் மடிந்த செய்தி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஆடு இறந்தால் அழுகிறோம். மாடு இறந்தால் காப்பீட்டுத் தொகைக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். கோழி இறந்தால் "பனி" என்று ஒரு சொல் சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த ஒரு சொல்லே நமது கோழிகளுக்குப் பெரும்பகையாய் நிற்கிறது என்பது நமது கருத்து. குளிர்தான் கொன்றது என்று நம்பியவர், அதற்குமேல் காரணம் தேடுவதில்லை. காரணம் தேடாதவர் அடுத்த ஆண்டும் அவ்வாறே இழப்பார். ஆதலின், கோழியைக் கொல்வது குளிர் அன்று என்பதையும், உண்மையில் கொல்வன எவை என்பதையும், அவற்றைத் தடுப்பதில் தனி மனிதரைவிடச் சங்கத்திற்குப் பொறுப்பு மிகுதி என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் இது எத்துணைச் சிறிய காரியம் என்று எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. குழித்தறியில் நெய்பவர் மழைக்காலத்தின் துன்பத்தை நன்கு அறிவர். தறிக்குழியில் நீர் ஊறும், மிதிபலகை நனையும், வீதியில் பாவு விரித்துக் கஞ்சி போட வெயில் இராது, போட்ட கஞ்சி காயாது. கூலி பாதியாகும் மாதங்கள் அவை. விவசாயிக்கோ, கேழ்வரகும் நிலக்கடலையும் களத்தில் நனையாமற் காப்பதே பெரும்பாடு. இவ்வாறு இரு சாராருக்கும் கை வறண்டிருக்கும் அந்நாட்களில் வீட்டிலே சில்லறை புழங்குவதற்கு வழி எது? கொல்லையிலே மேயும் நான்கு பெட்டைக் கோழிகள்தாம். முட்டை விற்ற காசு பிள்ளையின் பேனாவாகவும், மருந்துக்கடைச் சீட்டாகவும், பேருந்துக் கட்டணமாகவும் மாறுகிறது. அக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் இருப்பது. யாரிடமும் கேட்காமல் அவர்கள் செலவு செய்யக்கூடிய காசு அது ஒன்றே என்று சொல்லுமளவுக்குப் பல குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். இளைஞர்கள் ஓசூருக்கும் பர்கூருக்கும் ஆலை வேலைக்குப் போய்விட, வீட்டில் எஞ்சியிருக்கும் முதியோர்க்கும் அதுவே கைம்முதல். தறி நிற்கும் மாதத்திலேயே கோழியும் மடியுமாயின், இழப்பு இரட்டிப்பாகிறது. ஆகவே இதைச் சிறிய காரியம் என்று நாம் கருதவில்லை.

இனிக் குளிரைப் பற்றி ஆராய்வோம். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். மனிதனுடையதைவிட நான்கு பாகை மிகுதி. அதன் இறகுகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்று கம்பளிப் போர்வைபோல் அவ்வெப்பத்தைக் காக்கிறது. பனி உறையும் நாடுகளிலும் மக்கள் கோழி வளர்த்தே வருகின்றனர். அவ்வாறிருக்க, தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் அடிக்கும் மார்கழிக் குளிரேகூட வளர்ந்த கோழியைக் கொல்லப் போதுமானதன்று. அவற்றினும் தாழ்ந்த தரையிலுள்ள மத்தூரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் இறகு நனைந்துவிட்டால் அந்தப் போர்வை பயனற்றதாகிவிடுகிறது. ஈரத் தரையில் இரவெல்லாம் நிற்கும் கோழிக்கு, தின்ற தீனியெல்லாம் உடலைச் சூடாக்குவதிலேயே செலவாகிறது. ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா என்னும் காரநெடி எழுந்து, கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்குகிறது. புண்பட்ட மூச்சுக்குழலில் சளிநோய்க் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள் எச்சத்தோடு வெளிவந்தபின், ஈரமும் இளஞ்சூடும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலேயே முதிர்ந்து, தொற்றும் வலிமை பெறுகின்றன. தரை காய்ந்திருந்தால் அவை அவ்வாறு முதிர்வது அரிது. தேங்கிய நீரில் பெருகும் கொசுக்கள் கோழி அம்மையைக் கூடு விட்டுக் கூடு கொண்டு செல்கின்றன. இவையனைத்தையும் கூட்டி "பனி" என்கிறோம். "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று கேட்பது நம் முன்னோர் வழக்கு. சாகாது, ஆனால் ஈரம் மிதித்த குஞ்சு சாகும்.

இன்னும் வருந்தத்தக்கது, குளிருக்கு அஞ்சி நாம் செய்யும் காப்பே கேடாய் முடிவதுதான். மழை தொடங்கியதும் கூட்டின் நான்கு புறமும் சாக்கும் பாலிதீன் தாளும் போர்த்தி, துளியும் காற்றுப் புகாமல் கட்டிவிடுகிறோம். கோழி விடும் மூச்சிலுள்ள ஈரமும், எச்சத்தின் ஈரமும், காரநெடியும் உள்ளேயே சுழல்கின்றன. விடியற்காலையில் அக்கூட்டைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிப் பாருங்கள். நமக்குக் கண் எரிந்தால் இரவெல்லாம் உள்ளேயிருந்த கோழிக்கு எப்படியிருந்திருக்கும் என்பது புரியும். குளிர் காற்றைத் தடுக்க வேண்டுமென்பது உண்மை. ஆனால் தடுக்க வேண்டியது கோழி அமரும் உயரத்தில் நேராக வீசும் வாடையைத்தான். கூரையை ஒட்டி மேற்பகுதியில் நான்கு விரற்கடை இடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். கெட்ட காற்று அவ்வழியே வெளியேறும்.

கூடு அமைப்பதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நமது கருத்தில் இன்றியமையாதவை சில.

கூடு மேட்டு நிலத்தில் இருக்கட்டும். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வடிகால் வாய்க்கால் வெட்டப்படட்டும். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், பெஞ்சல் புயலின் விளைவாக, நமக்கு அண்மையிலுள்ள ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேலானது ஒரே நாளில் பெய்தது. நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் உருட்டிச் சென்ற அந்நாளில் தரையோடு தரையாக வைத்த கோழிக்கூடுகளின் கதி என்னவென்று சொல்ல வேண்டுமோ? தரைக்கு மேல் இரண்டு அல்லது மூன்று அடி உயரத்தில் கால் நட்டு, மூங்கிற்பட்டையால் தளம் அமைத்த பரண்கூடு இருந்தால், எச்சம் கீழே விழும், காற்று அடியிலும் உலவும், நீரும் தீண்டாது, கீரியும் எளிதில் அணுகாது. கூரையின் இறவாணம் இரண்டடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே அடிக்காது.

தரைக்கூடே உள்ளவர்கள் நெல் உமியையோ நிலக்கடலைத் தோலையோ மூன்று விரற்கடை உயரத்திற்குப் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி கூளத்தைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் நன்று, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது. அதனை வாரி எருக்குழியில் இட்டுப் புதியது பரப்ப வேண்டும். நீற்றிய சுண்ணாம்புத் தூளைச் சிறிது கலப்பதும் ஈரத்தை வாங்கும். நீர்த்தொட்டியைக் கூட்டுக்குள் வைத்துக் கவிழ்க்க விடுவதே பாதி ஈரத்திற்குக் காரணம் என்பதையும் நினைவிற்கொள்க.

குஞ்சுகளின் நிலை வேறு. குளிரால் நேரே மடியக்கூடியவை இவை மட்டுமே. இறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. தாய்க்கோழியின் சிறகடியில் இருப்பவற்றைப் பற்றிக் கவலை வேண்டா; பஞ்சாரத்தைக் காய்ந்த இடத்தில் கவிழ்த்தால் போதும். ஆனால் பொரிப்பகத்திலிருந்து வாங்கிய குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் வேண்டும். வாரந்தோறும் மூன்று பாகை வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர் மிகுதி. ஓரங்களுக்கு ஓடி வாய் பிளந்து நின்றால் சூடு மிகுதி. பரவலாகப் படுத்துறங்கினால் பொருத்தமான வெப்பம். மின்சாரம் நின்ற இரவில் கரியடுப்பை மூடிய அறையில் வைப்போர் உளர். அதன் புகையும் நச்சுக்காற்றும் குஞ்சுகளை மட்டுமன்றி அருகே உறங்கும் மனிதரையும் மாய்த்துவிடும். அதை ஒருநாளும் செய்யலாகாது.

தீனியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும், "மனிதருக்குத்தான் ஆகாது, கோழிக்கு ஆகும்" என்று கொல்லையில் கொட்டுகிறோம். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நச்சே காரணமென்று தெளிந்தது. அந்நச்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். வேகவைத்தாலும் அது நீங்குவதில்லை. நிலக்கடலை விளையும் நமது வட்டாரத்தில் இதனை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். பூசணம் பூத்தது எருக்குழிக்கே உரியது.

மார்கழியில் முட்டை குறைவதைக் கண்டும் சிலர் அஞ்சுகின்றனர். கோழி நன்கு முட்டையிட நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். மார்கழியிலோ நமது பகுதியில் பகற்பொழுது 12 மணி நேரத்திற்கும் குறைவு. எனவே முட்டை சற்றுக் குறைவது இயற்கை, நோயன்று. அதைக் கண்டு கண்ட மருந்தையெல்லாம் வாங்கிப் புகட்ட வேண்டுவதில்லை. ஒரு பிடி தீனி கூடுதலாக இடுவதே தக்கது.

இதுவரை கூறியவை வீட்டார் தாமே செய்துகொள்ளக்கூடியவை. இனிக் கூறப்போவது, வீட்டார் தனித்து நின்று செய்ய முடியாத ஒன்று. நமது வாதத்தின் உயிர்நிலை இதுவே.

கொல்லைக் கோழிகளைக் கூண்டோடு அழிப்பது வெள்ளைக் கழிச்சல் என்று மக்கள் சொல்லும் இராணிகேத் நோய். வெள்ளையும் பச்சையுமாகக் கழிதல், வாய் பிளந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகிக்கொள்ளுதல், காலும் சிறகும் துவளுதல் ஆகியவை இதன் குறிகள். தடுப்பு மருந்து பெறாத கூட்டில் நுழைந்தால் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று கொண்டுபோகும். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இதனை முதன்முதலாக விவரித்தனர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே குமாயூன் மலையிலுள்ள இராணிகேத்தில் காணப்பட்டு, நமது நாட்டில் அவ்வூரின் பெயரையே பெற்றது. மலையூரின் பெயர் தாங்கியிருப்பினும் இது குளிரால் வரும் நோயன்று. வெப்பம் மிகுந்த ஜாவாவில் தோன்றியதிலிருந்தே அது விளங்கும். இது ஒரு நச்சுயிரால் வருவது. கோடையிலும் வரும்; குளிரிலும் வரும். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் தடுக்கும் மருந்து உண்டு.

அம்மருந்தைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டுவதுமில்லை. 1932-இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நமக்கு அடுத்த மாவட்டத்திற்கு அப்பால்தான் இருக்கிறது. நோயின் பெயர் இராணிகேத். மருந்து பிறக்கும் ஊர் இராணிப்பேட்டை. குஞ்சு பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி. நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு துளி. எட்டாம் வாரத்தில் இறக்கையின்கீழ் ஓர் ஊசி. இவ்வளவே முறை. கால்நடை பராமரிப்புத் துறையினர் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரு வார முகாம் நடத்தி, எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்குக் கட்டணமின்றி ஊசி போடுகின்றனர். போற்றத்தக்க பணி அது.

அப்படியாயின் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கோழி மடிவது ஏன்? கணக்கிட்டுப் பாருங்கள். முகாம் நடப்பது தை இறுதியிலும் மாசியிலும். கொல்லைக் கோழி ஆண்டுக்கு மூன்று முறையேனும் அடைகாக்கிறது. பங்குனியிலும் ஆனியிலும் ஆவணியிலும் பொரித்த குஞ்சுகளெல்லாம் அம்முகாமைக் கண்டவையல்ல. மழைக்காலம் தொடங்கும்போது கூட்டில் இருப்பவற்றுள் பெரும்பகுதி எக்காப்பும் இல்லாதவை. ஈரத்தால் நலிந்த உடலும், காப்பில்லாத குருதியும், போச்சம்பள்ளி வாரச்சந்தையிலிருந்து வாங்கிவந்த புதுக்கோழியும் ஒன்று சேர்ந்தால் விளைவு வேறென்னவாக இருக்கும்?

"அப்படியானால் புரட்டாசியில் நாமே மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். இங்கேதான் தடை. மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்குரிய அளவிலோ அதற்கு மேலோதான் கிடைக்கிறது. நமது அங்கத்தினர் வீட்டில் இருப்பவை எட்டுக் கோழிகள். குப்பியை உடைத்துக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும், மிச்சம் கொட்டவேண்டியதே. கடையிலிருந்து வீடு வரும்வரை பனிக்கட்டியில் வைத்துக் கொணர வேண்டும். வெயில்பட்ட மருந்து வெறும் நீருக்கு ஒப்பாகும். எட்டுக் கோழிக்காக நூறு கோழியின் மருந்தையும் பனிக்கட்டிப் பெட்டியையும் யார் வாங்குவர்? வாங்காமலிருப்பதை அறியாமை என்று நாம் சொல்லோம். தனித்து நிற்பவனுக்கு அது கட்டுப்படியாகாது என்பதே உண்மை. ஆனால் ஒரு தெருவில் பதின்மூன்று வீட்டார் ஒரே காலையில் கூடினால் குப்பி ஒன்று சரியாகத் தீரும். ஒரு கோழிக்கு ஆகும் செலவு ஒரு முட்டையின் விலையை எட்டாது.

அன்பர்களே, கூட்டுறவு என்பது வேறென்ன? 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று, இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நம்முடைய மார்கழியினும் கொடிய குளிர் மாலையில், 28 தொழிலாளர்கள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கடையில் இருந்தவை மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் போன்ற சிலவே. தனித்தனியே நல்ல சரக்கை நியாய விலையில் வாங்க இயலாதவர்கள் சேர்ந்து வாங்கினர். உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கமென அது இன்று போற்றப்படுகிறது. பிரிக்க முடியாத மூட்டையைப் பலர் சேர்ந்து பிரித்துக்கொள்வதே அவர்கள் கண்ட நெறி. பிரிக்க முடியாத மருந்துக் குப்பிக்கும் அதே நெறி பொருந்தாதா?

பிற நாட்டில் இது நடந்தும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 என்னும், ஓரளவு வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை மொசாம்பிக் நாட்டுச் சிற்றூர்களில் பயன்படுத்துகின்றனர். ஊராரே தேர்ந்தெடுத்த ஒருவர், பயிற்சி பெற்று, நான்கு மாதத்திற்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று கோழியின் கண்ணில் ஒரு துளி விடுகிறார். வீட்டார் ஒரு சிறு தொகை தருகின்றனர். நம்மினும் வறிய ஊர்களில் இயன்றது நமக்கு இயலாததா?

இவ்விடத்தில் நமது குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது கடமை. சில ஆண்டுகளுக்கு முன்பு, நமது ஆய்வுக்குட்பட்ட ஒரு சங்கத்தில், மகளிர் சிலருக்குக் கோழி வளர்ப்புக் கடன் வழங்கப்பட்டது. விண்ணப்பம், பிணை, தீர்மானம், இரசீது எல்லாம் ஒழுங்காக இருந்தன. நாமும் பார்த்து, குறையொன்றும் இல்லையென்று எழுதிக் கையொப்பமிட்டோம். குஞ்சுகள் வழங்கப்பட்டது ஐப்பசி இரண்டாம் வாரம். கூடு காய்ந்திருக்கிறதா, விளக்கு உண்டா, முதல் துளி விடப்பட்டதா என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கார்த்திகை தீபத்திற்குள் பெரும்பாலான குஞ்சுகள் மடிந்துவிட்டன. அடுத்த ஆய்வின்போது அக்கடன்களுள் ஒன்றுகூடத் தவணை தவறவில்லை. அதைக் கண்டு மகிழ்ந்து ஓர் அம்மையாரிடம் கேட்டோம். "வாங்குன கடனைக் கட்டாம இருக்க முடியுங்களா? தறிக்கூலியில புடிச்சுக் கட்டுனேன்," என்றார். அக்குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்தியது. நமது ஏட்டின்படி அக்கடன் வெற்றி பெற்ற கடன். அவர் வீட்டுக் கணக்கின்படி, இல்லாத கோழிக்காக அவர் ஓராண்டு நெய்தார்.

அன்று முதல் ஒன்றை உணர்ந்தோம். 2018-19 முதல் கிசான் கடன் அட்டையின் பயன் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. கோழி வளர்ப்பும் அதனுள் அடங்கும். கடன் தருவதற்கு இன்று வழி பெருகியிருக்கிறது. ஆனால் கடனுக்கு உரிய பருவமும் காப்பும் இல்லாவிடில், அது உதவியாகாது, சுமையே ஆகும்.

இதற்கு எதிராகச் சிலர் கூறுவனவற்றையும் நாம் எண்ணாமலில்லை. "ஊசி போடுவது அரசாங்கத்தின் வேலை, சங்கம் ஏன் தலையிட வேண்டும்?" என்பர். கால்நடை மருத்துவர் ஒருவரே பல ஊர்களைக் கவனிக்கிறார். அவர் மாடுகளுக்கு ஓடும் நாட்களில், எட்டுக் கோழிக்காக ஒவ்வொரு வீட்டிற்கும் வர இயலாது. இருநூறு கோழிகள் ஒரே இடத்தில், ஒரே காலையில் இருக்குமென்று சங்கம் எழுத்தில் தெரிவித்தால், மருந்தகத்தார் வருவதற்கோ வழிகாட்டுவதற்கோ அது பேருதவியாகும். அரசாங்கத்தின் வேலையைச் சங்கம் பறிப்பதாக ஆகாது. அவ்வேலை நடப்பதற்குச் சங்கம் களம் அமைக்கிறது.

"காரியதரிசிக்கு ஏற்கெனவே வேலை தாங்கவில்லை" என்பதும் மெய்யே. அவர்தம் சுமையை நாம் நேரில் அறிவோம். ஆயின் இது ஆண்டுக்கு இரண்டு காலை வேலை. தெருவுக்கு ஓர் அங்கத்தினர் பெயர் எழுதி எண்ணிக்கை கொடுத்தால் போதும். "நாட்டுக்கோழிக்கு நோய் அண்டாது; மஞ்சளும் சின்ன வெங்காயமும் போதும்" என்று பெரியோர் சிலர் கூறுவதையும் கேட்டிருக்கிறோம். நாட்டுக்கோழி கடினமானது என்பதில் ஐயமில்லை. வெங்காயத்தால் கேடும் இல்லை. எனினும் தடுப்பு மருந்தின் வேலையை அது செய்யாது. செய்திருந்தால், வெங்காயம் இல்லாத வீடே இல்லாத நமது ஊர்களில் கோழி மடிந்திராது.

ஆதலின் ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் ஆவணி மாதக் கூட்டத்திலேயே நான்கு தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டுமென்பது நமது வேண்டுகோள். முதலாவது, புரட்டாசியில் ஒரு நாளைக் கோழித் தடுப்பு நாளாகக் குறித்து, கால்நடை மருந்தகத்திற்கு முன்கூட்டியே எழுதுதல். பிப்ரவரி முகாமுக்கும் அவ்வாறே பெயர்ப்பட்டியல் தயாரித்தல். இரண்டாவது, சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து பனிக்கட்டி வைக்கும் பெட்டி ஒன்று வாங்குதல், விலை பெரிதன்று. மூன்றாவது, பொரிப்பகக் குஞ்சுகளுக்கான கடனை ஐப்பசி முதல் மார்கழி முடிய வழங்காமல், தை பிறந்தபின் வழங்குதல். வழங்குமுன் கூட்டை நேரில் பார்த்துக் குறிப்பெழுதுதல். நான்காவது, கோழி மடிந்தால் சங்கத்தில் தெரிவிக்கும் வழக்கத்தை உண்டாக்குதல்.

இந்நான்காவதைச் சற்று விளக்குவோம். நோய் கண்டதும் அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நாம் தள்ளிவிட்ட நோய் இன்னொருவர் கூட்டிற்குச் சென்று, அடுத்த வாரம் சுற்றி நம்மூருக்கே திரும்புகிறது. இறந்தவற்றை ஏரிக்கரையில் எறிவதும் அத்தகையதே. ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். புதிதாக வாங்கிய கோழியைப் பதினைந்து நாட்கள் தனியே கட்டிவைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றோடு விட வேண்டும். ஒரே நாளில் பல கோழிகள் திடீரென மடிந்தால் கையால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூரில் நமது நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சல், மனிதரையும் தாக்கவல்லது என்பதால் இதில் அசட்டை கூடாது.

அடுத்த புரட்டாசி வரும்போது, நமது சங்கங்களின் வாயிலில் கூடைகளோடும் பஞ்சாரங்களோடும் அங்கத்தினர்கள் வரிசையில் நிற்பதைக் காண விரும்புகிறோம். அவ்வரிசையில் நிற்போரிற் பெரும்பாலோர் பெண்களாக இருப்பர். அவர்களுட் பலர் சங்கத்தின் படியை அன்றுதான் முதன்முறை மிதிப்பவராகவும் இருப்பர். கோழிக்காக வந்தவர்கள் பிறகு பங்குத்தொகை செலுத்தவும், பொதுக்குழுவில் பேசவும் வருவார்களாயின் சங்கத்திற்கும் அது புது இரத்தமாகும். அடுத்த கார்த்திகையில் ஆய்வுக்கு வரும்போது, தேநீர் வேளையில் "பனிக்குக் கோழி போயிற்று" என்ற பேச்சு எழாதிருக்குமாயின், நாம் எழுதும் ஆய்வுக் குறிப்பிலும் ஒரு வரி மகிழ்ச்சியோடு சேர்ப்போம். அன்பர்கள் இதனைச் சிந்தித்து, ஆவணிக்கு முன்பே ஆவன செய்வார்களாக.